வழக்கறிஞராக விரும்பும் தோட்டப்புறப் பிள்ளைகளும் பெற்றோரும் கேட்கும் கேள்விகள்

நான் பிறந்தது மலேசியாவின் பேராக் மாநிலத்தில், தெலுக் இந்தானைச் சுற்றியுள்ள செம்பனைத் தோட்டங்களில் ஒன்றில். அப்பா குலை வெட்டினார், அம்மா உதிரிப் பழம் பொறுக்கினார். இன்று அதே டவுனில் ஒரு மளிகைக் கடையின் மாடியில் சிறிய வழக்கறிஞர் அலுவலகம் வைத்திருக்கிறேன். ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை தமிழ்ப்பள்ளியிலோ கோயில் மண்டபத்திலோ பேசக் கூப்பிடுவார்கள். மண்டபத்துக்குள் பிள்ளைகள் கேட்பது குறைவு. வெளியே வந்து, மோட்டார் சைக்கிளில் சாய்ந்து நின்றுகொண்டு பெற்றோர் கேட்பதுதான் அதிகம். அந்தக் கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன். சொல்லியிருக்கும் விதிகள் தீபகற்ப மலேசியாவுக்கு உரியவை. சபாவிலும் சரவாக்கிலும் வழக்கறிஞர்களுக்கான சட்டமே வேறு.

ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். தேர்வு முடித்த பிள்ளை வழக்கறிஞராக எத்தனை ஆண்டுகள் ஆகும்?

ஆறரை முதல் ஏழு ஆண்டுகள். நடுவில் ஒரு தேர்வில் சறுக்கினால் எட்டு. "மூன்றே ஆண்டில் சட்டப் பட்டம்" என்ற விளம்பரம் பொய் இல்லை. ஆனால் பட்டத்துக்கு முன்னால் என்ன, பின்னால் என்ன என்பதை அது சொல்வதில்லை.

யார் வழக்கறிஞர் ஆகலாம் என்பதை 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டம் வரையறுக்கிறது. நம் பிள்ளைகளுக்கு அதில் இரண்டு வழிகள் திறந்திருக்கின்றன. முதலாவது, அரசாங்கப் பல்கலைக்கழகம். பள்ளியிலேயே படிவம் ஆறில் சேர்ந்து எஸ்.டி.பி.எம். தேர்வு எழுதலாம், அல்லது மெட்ரிகுலேஷன் என்ற பல்கலைக்கழக முன்படிப்புக்குப் போகலாம். பிறகு அரசாங்கப் பல்கலைக்கழகச் சேர்க்கை அமைப்பான யூ.பி.யூ. வழியாக மலாயாப் பல்கலைக்கழகம், மலேசியத் தேசியப் பல்கலைக்கழகம், உத்தாரா மலேசியா பல்கலைக்கழகம் போன்றவற்றின் சட்டத்துறைக்கு விண்ணப்பிக்கலாம். மலாயாப் பல்கலைக்கழகத்தில் 1972 முதல் சட்டம் கற்பிக்கிறார்கள். படிப்பு நான்கு ஆண்டுகள். இங்கே பட்டம் பெற்றவர்கள் சி.எல்.பி. என்ற தொழில் தகுதித் தேர்வு எழுத வேண்டியதில்லை.

இரண்டாவது, தனியார் கல்லூரி. ஏ-லெவல் அல்லது அடிப்படைப் படிப்பு முடித்து, பிரிட்டிஷ் பல்கலைக்கழகம் ஒன்றின் மூன்றாண்டுச் சட்டப் பட்டத்தை இங்கேயே படிக்கலாம், அல்லது கடைசி ஆண்டுக்கு மட்டும் அங்கே போகலாம். லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிநிலைப் பட்டமும் பல காலமாக நம்மவர்கள் எடுத்து வந்த வழிதான். ஆனால் பட்டத்தோடு முடிவதில்லை. அதன் பிறகு சி.எல்.பி., இல்லாவிட்டால் இங்கிலாந்திலேயே பாரிஸ்டர் தகுதி.

என்னைக் கேட்டால் படிவம் ஆறு. செலவு மிகக் குறைவு, வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய் வரலாம். "படிவம் ஆறு கஷ்டம்" என்று பயந்து கல்லூரிக்கு ஓடுகிற பிள்ளைகளிடம் ஒன்று சொல்வேன்: எஸ்.டி.பி.எம். பாடங்களைவிடச் சட்டம் எளிதாக இருக்கும் என்று யார் சொன்னது?

தனியார் வழிதான் என்று முடிவு செய்துவிட்டால், முன்பணம் கட்டுவதற்கு முன் ஒரே ஒரு வேலை செய்யுங்கள். நீங்கள் எடுக்கப்போகும் பட்டத்தையும் உங்களுடைய எஸ்.பி.எம்., ஏ-லெவல் தகுதிகளையும் வழக்கறிஞர் தொழில் தகுதி வாரியம் ஏற்றுக்கொள்கிறதா என்று வாரியத்திடமே நேரடியாகக் கேளுங்கள். கல்லூரி முகவரிடம் கேட்காதீர்கள். மூன்று ஆண்டு படித்து முடித்த பிறகு நுழைவுத் தகுதி போதவில்லை என்று தெரிந்து அழுத பெண்ணை எனக்குத் தெரியும்.

சி.எல்.பி. என்கிறார்களே, அது என்ன?

சட்டத் தொழில் சான்றிதழ்த் தேர்வு. 1984இல் தொடங்கியது. தகுதி வாரியம் நடத்துகிறது. ஐந்து தாள்கள்: பொதுத் தாள், உரிமையியல் நடைமுறை, குற்றவியல் நடைமுறை, சாட்சியம், தொழில் நடைமுறை. கடினமான தேர்வு என்று பெயர் எடுத்தது, அந்தப் பெயர் சரியானதுதான். வேலை பார்த்துக்கொண்டே இரவில் படித்து எழுதிவிடலாம் என்று கணக்குப் போட்டவர்களில் பாதிப் பேராவது என்னிடம் பிறகு வந்து வருத்தப்பட்டிருக்கிறார்கள். முடிந்தால் அந்த ஓர் ஆண்டைத் தேர்வுக்கு மட்டும் கொடுங்கள்.

என் மகன் தமிழ்ப்பள்ளியில் படித்தவன். மலாயும் ஆங்கிலமும் சுமார். சட்டம் படிக்க முடியுமா?

முடியும். ஆனால் சுமாராகவே இருந்தால் முடியாது.

மாஜிஸ்திரேட், செஷன்ஸ் நீதிமன்றங்களில் அன்றாட வாதம் மலாயில் நடக்கிறது. நீதிமன்ற மொழி தேசிய மொழி என்பதை 1963/67 தேசிய மொழிச் சட்டம் சொல்கிறது. நீதியின் நலனுக்காக ஆங்கிலத்தையும் அனுமதிக்கலாம் என்று அதே சட்டம் இடம் கொடுக்கிறது. மேல் நீதிமன்றங்களின் முக்கியத் தீர்ப்புகளைப் படிக்க ஆங்கிலம் இல்லாமல் ஆகாது. ஆக இரண்டு கால்களும் வேண்டும். எஸ்.பி.எம்.மில் மலாய் மொழிக்குக் கிரெடிட் எடுக்காமல் விட்டால் பின்னால் தனியாக மொழித் தேர்வு எழுதிக்கொண்டு அலைய நேரிடும். எனவே படிவம் நான்கிலேயே அதைக் கவனியுங்கள்.

தமிழைப் பற்றி யாரும் கேட்பதில்லை, நானே சொல்கிறேன். ஒரு தாக்குதல் வழக்கில் ஓர் அம்மா சாட்சிக் கூண்டில் நின்று, "அவன் என் மேல் கை வைத்தான்" என்றார். மொழிபெயர்ப்பாளர் சொல்லுக்குச் சொல், உடம்பின் மேல் கையை வைத்தான் என்று மலாயில் சொல்லிவிட்டார். அடித்தானா, தொட்டானா, தவறாக நடந்தானா? மாஜிஸ்திரேட்டுக்குப் புரியவில்லை, எதிர்த்தரப்பு வழக்கறிஞருக்கும் புரியவில்லை. எழுந்து நின்று, நம் பேச்சில் அதற்கு அடித்தான் என்றும் பொருள் உண்டு, சாட்சியிடமே தெளிவாகக் கேட்க அனுமதி வேண்டும் என்று நான் கேட்டேன். அந்த வழக்கு அந்த ஒரு சொல்லில்தான் நின்றது. கோலாலம்பூரின் பெரிய அலுவலகங்களில் எத்தனை பேருக்கு அது தெரிந்திருக்கும்?

செலவுக்கு எங்கே போவது?

அரசாங்கப் பல்கலைக்கழகம் என்றால் பி.டி.பி.டி.என். என்ற அரசாங்க உயர்கல்விக் கடனில் சமாளிக்கலாம். ம.இ.கா. (மலேசிய இந்தியர் காங்கிரஸ்) கட்சியின் கல்விப் பிரிவான எம்.ஐ.இ.டி. கல்விக் கடன் கொடுக்கிறது. தோட்ட நிர்வாகத்தில் தொழிலாளர் பிள்ளைகளுக்கு உதவித்தொகை இருக்கிறதா என்று அலுவலக எழுத்தரான கிராணியிடம் கேளுங்கள். சில இடங்களில் இருந்தும் யாரும் விண்ணப்பிப்பதில்லை.

பட்டப்படிப்புச் செலவைவிடப் பெற்றோர் மறந்துவிடுவது பட்டத்துக்குப் பிறகு வரும் ஒன்பது மாதங்களை. அடுத்த பதிலைப் பாருங்கள். அந்தக் காலத்துக்கென்று ஒரு தொகையை இப்போதே தனியாக எடுத்து வையுங்கள். தாலிக்கொடியை அடகுக் கடைக்கு அனுப்புவது கடைசி வழியாக இருக்கட்டும்.

சேம்பரிங் என்றால் என்ன? எங்கே செய்வது நல்லது?

பட்டமும் தகுதியும் கையில் இருந்தாலும் உடனே நீதிமன்றத்தில் நின்று வாதாட முடியாது. ஒன்பது மாதம் ஒரு மூத்த வழக்கறிஞரிடம் பயிற்சி பெற வேண்டும். அவருக்கு ஏழு ஆண்டுகளுக்குக் குறையாத தொழில் அனுபவம் இருக்க வேண்டும். பயிற்சிக் காலத்தில் தனி அனுமதி இல்லாமல் வேறு வேலை பார்க்கக் கூடாது. பகலில் சேம்பரிங், இரவில் உணவகத்தில் வேலை என்ற கணக்கு இங்கே ஆகாது. அலுவலகம் தருவது உதவித்தொகைதான், சிறு டவுன்களில் அது இன்னும் சிறுத்திருக்கும்.

மூன்று மாதம் முடிந்ததும் குறுகிய அனுமதி வாங்கலாம். அதன்பின் தேதி கேட்பது, நீதிபதியின் அறையில் நடக்கும் சிறு விசாரணைகள் போன்றவற்றுக்கு நீங்களே போகலாம். முதன்முதலில் எழுந்து நின்று என் பெயரைச் சொன்னபோது என் குரல் எனக்கே கேட்கவில்லை. மாஜிஸ்திரேட் "இன்னொரு முறை" என்றார். இன்னொரு முறையும் கேட்கவில்லை.

இதே காலத்தில் வழக்கறிஞர் மன்றத்தின் நெறிமுறைப் பயிற்சியும் இலவசச் சட்ட உதவிப் பணியும் கட்டாயம். சட்ட உதவிப் பணியை ஒரு சடங்காக நினைத்துக் கழிக்கும் பிள்ளைகள் உண்டு. அது தவறு. சிறையிலிருந்தும் தடுப்புக் காவலிலிருந்தும் கொண்டுவரப்படும் மனிதர்களை நேருக்கு நேர் பார்க்கும் அந்த நாள்களில்தான், இந்தத் தொழில் உங்கள் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளுமா என்பது தெரியும்.

எங்கே செய்வது? நான் ஈப்போவில் செய்தேன், சிறிய அலுவலகத்தில். காலையில் விபத்து வழக்கு, மத்தியானம் வீட்டுப் பத்திரம், மாலையில் விவாகரத்துக் கேட்டு வந்தவரின் அழுகை. கோலாலம்பூரின் பெரிய நிறுவனத்தில் பயிற்சி பெற்ற தோழி ஒருத்தி ஒன்பது மாதமும் ஒரே வங்கியின் கடன் ஆவணங்களைச் சரிபார்த்தாள். அவளுக்கு என்னைவிட உதவித்தொகை அதிகம், மேசையும் பெரிது. ஆனால் எது தனக்குப் பிடிக்காது என்று கண்டுபிடிக்க அவளுக்கு வாய்ப்பே கிடைக்கவில்லை. துறை எது என்று முடிவு செய்யாத பிள்ளைக்குச் சிறிய அலுவலகம்தான் நல்லது என்பேன்.

எல்லாம் முடிந்ததும் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி முன் அங்கீகாரச் சடங்கு. கறுப்பு அங்கி, கழுத்தில் வெள்ளைப் பட்டை. இங்கே நரைத்த பொய்முடி கிடையாது. வேறொரு வழக்கறிஞர் எழுந்து உங்களைப் பற்றியும் உங்கள் குடும்பத்தைப் பற்றியும் சொல்லி அனுமதி கேட்பார். குலை வெட்டுபவரின் மகள் என்று என்னைப் பற்றி அவர் சொன்னபோது அப்பா தலையைக் குனிந்துகொண்டார். வெட்கமா, வேறு ஏதாவதா என்று நான் இன்றுவரை கேட்கவில்லை.

எந்தத் துறையைத் தேர்ந்தெடுத்தால் நல்ல எதிர்காலம்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான், நேரடியான பதில் இல்லாத கேள்வியும் இதுதான். எங்களைப் போன்ற டவுனில் வழக்கறிஞர் துறையைத் தேர்ந்தெடுப்பதில்லை. படியேறி வருகிறவர்கள் அவருக்கான துறையைக் கொண்டு வருகிறார்கள். நாம் தேர்ந்தெடுப்பதெல்லாம் எதைத் திருப்பி அனுப்புவது என்பதைத்தான். நான் மூன்றாவது ஆண்டில் விபத்து வழக்குகளை நிறுத்தினேன், ஐந்தாவது ஆண்டில் கிரிமினல் வழக்குகளைக் குறைத்தேன். மீதி இருந்ததே என் துறை. எனவே துறை துறையாக, என் கண்ணில் பட்டதைச் சொல்கிறேன்.

தோட்டத் தொழிலாளர்களுக்காக வாதாட ஆசை. தொழிலாளர் சட்டம் எடுக்கலாமா?

எடுக்கலாம். இதைப் பற்றி நான் சற்று நீட்டிப் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வேலைநீக்கம் நியாயமில்லை என்று நினைக்கும் தொழிலாளி, 1967ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத்தின் 20ஆம் பிரிவின் கீழ் 60 நாள்களுக்குள் தொழிலுறவு இலாகாவில் முறையிட வேண்டும். கட்டணம் இல்லை. அங்கே சமரசம் ஆகாவிட்டால் வழக்குத் தொழிலியல் நீதிமன்றத்துக்குப் போகும். நான் சொந்தமாக அலுவலகம் திறந்த புதிதில், எண்ணெய் ஆலையில் இருபது ஆண்டு வேலை செய்த ஒருவர் வந்தார். வேலை போனதும் முதலில் கோயில் தலைவரிடம் போயிருக்கிறார், பிறகு ஓர் அரசியல்வாதியின் சேவை மையத்துக்கு. "பேசிக்கொண்டிருக்கிறோம்" என்று சொல்லியிருக்கிறார்கள். என்னிடம் வந்து கடிதத்தை நீட்டினார். தேதியை எண்ணிப் பார்த்தேன்: அறுபத்து மூன்றாவது நாள். அவரிடம் நல்ல வழக்கு இருந்தது. மூன்று நாள்தான் இல்லை. அன்றிலிருந்து எந்தக் கோயில் மண்டபத்தில் பேசினாலும் என் முதல் வாக்கியம் "அறுபது நாள்" என்பதுதான். பிள்ளைகள் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும்.

சம்பள பாக்கி, மிகைநேரக் கூலி போன்றவை தொழிலாளர் இலாகாவில் உள்ள தொழிலாளர் நீதிமன்றத்துக்குப் போகும். 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டத்தின் திருத்தங்கள் 2023 ஜனவரி 1 முதல் நடப்புக்கு வந்தன: வார வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 ஆனது, பேறுகால விடுப்பு 60 நாளிலிருந்து 98 நாள் ஆனது. குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரியில் 1,700 ரிங்கிட் ஆனது. தொழிலாளர் குடியிருப்புக்கென்று 1990ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தனியாக இருக்கிறது. தோட்டத்து வரிசை வீடுகளான லயங்களில் வளர்ந்தவர்கள் அதைப் படித்தால் பல இடங்களில் பெருமூச்சு விடுவார்கள்.

ஆனால் இரண்டு உண்மைகளைத் தெரிந்துகொண்டு வாருங்கள். தொழிலாளியிடம் கட்டணம் வாங்கிப் பணக்காரர் ஆக முடியாது. இன்று தோட்டத்தில் குலை வெட்டுகிறவர்களில் பெரும்பாலோர் இந்தோனேசியர்களும் வங்காளதேசத்தவர்களும்தான். நம் தாத்தாக்கள் காலையில் பேர் கொடுக்க நின்ற பெரட்டுக் களத்தில் இப்போது அவர்கள் நிற்கிறார்கள். நம் ஆள்களுக்காக மட்டும் வாதாடப் போகிறேன் என்று வந்தால் வேலை பாதியாகக் குறையும்.

நிலம், வீட்டுப் பத்திர வேலையில் வருமானம் உண்டா?

டவுன் வழக்கறிஞரின் அடுப்பு எரிவது இதில்தான். கட்டணத்தை அரசாங்க ஆணையே நிர்ணயிக்கிறது. 2023ஆம் ஆண்டு ஆணைப்படி முதல் ஐந்து லட்சம் ரிங்கிட்டுக்கு 1.25 விழுக்காடு. இரண்டு லட்சம் ரிங்கிட் வீட்டை வாங்க ஒப்பந்தம் செய்தால் 2,500 ரிங்கிட். மாதத்துக்கு நாலைந்து வீடு வந்தால் அலுவலக வாடகையும் கிராணி சம்பளமும் போய்விடும்.

சலிப்பான வேலை என்று பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. தாத்தா பெயரில் உள்ள கிரான் (நிலப் பட்டா), தாத்தா இறந்து முப்பது ஆண்டு, அப்பாவும் போய்விட்டார், இப்போது பதினோரு பேரன் பேத்திகள், அதில் ஒருவர் ஆஸ்திரேலியாவில். இந்த முடிச்சை அவிழ்ப்பது ஒரு கலை. உயில் எழுதாமல் ஒருவர் இறந்தால் 1958ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டப்படி, மனைவிக்குக் கால் பங்கு, பிள்ளைகளுக்குப் பாதி, பெற்றோருக்குக் கால் பங்கு. மாமியாருக்கும் பங்கு உண்டு என்று மருமகளிடம் சொல்லும் நேரத்தில் என் கிராணி தேநீர் போடுகிறேன் என்று உள்ளே போய்விடுவார்.

நிலத்துக்கு நம் வரலாற்றிலும் இடம் இருக்கிறது. 1950களில் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது வேலையும் வீடும் ஒரே நாளில் போயின. அதற்குப் பதிலாகத்தான் துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளர்களே பங்கு வாங்கித் தோட்டங்களை வாங்கினார்கள். இன்றும் தோட்டம் கைமாறினால் அதற்குள் இருக்கும் கோயிலும் தமிழ்ப்பள்ளியும் யாருடைய நிலத்தில் நிற்கின்றன என்ற கேள்வி எழும். நூறு ஆண்டு கும்பிட்ட இடம் என்பது நில அலுவலகத்தில் ஆவணம் ஆகாது. இதைத் தெரிந்த இளம் வழக்கறிஞர்கள் ஒவ்வொரு டவுனிலும் வேண்டும்.

குடும்ப வழக்குகள்?

அதிகம் வரும். மனம் திடமாக இருக்க வேண்டும். முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணமும் மணவிலக்கும் 1976ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் வருகின்றன. அது நடப்புக்கு வந்தது 1982 மார்ச் 1. அன்று முதல் கோயிலில் தாலி கட்டினால் மட்டும் போதாது, பதிவும் வேண்டும். பதிவில்லாமல் இருபது ஆண்டு வாழ்ந்துவிட்டு, கணவர் விட்டுப் போன பிறகு ஜீவனாம்சம் கேட்டு வரும் அக்காக்களை இன்னும் பார்க்கிறேன். அவர்களுக்கு என்ன சொல்வது என்று எந்தப் பாடப்புத்தகமும் சொல்லித்தருவதில்லை.

ஒரு சிறு டவுன் குடும்ப வழக்கு நாட்டின் சட்டத்தையே அசைக்கவும் முடியும். ஈப்போ பாலர் பள்ளி ஆசிரியை இந்திரா காந்தியின் வழக்கில், பிள்ளைகளை மதம் மாற்றத் தாய், தந்தை இருவரின் சம்மதமும் வேண்டும் என்று கூட்டரசு நீதிமன்றம் 2018 ஜனவரி 29 அன்று தீர்ப்பளித்தது. அவருக்காக வாதாடியவர்களில் ஒருவர் ஈப்போ வழக்கறிஞர் மு. குலசேகரன்.

கிரிமினல் வழக்கு என்றால்தான் வழக்கறிஞர் என்கிறான் என் மகன்.

படம் பார்த்துச் சொல்கிறான். ஆனால் பேராக்கில் அந்த ஆசைக்கு ஒரு மரபும் உண்டு. ஈப்போவின் சீனிவாசகம் சகோதரர்கள், டி.ஆர்., எஸ்.பி. இருவரும், வழக்கறிஞர்களாகவும் அரசியல்வாதிகளாகவும் பேர் எடுத்தவர்கள். டி.ஆர். பெயரில் ஈப்போவில் பூங்காவே இருக்கிறது.

நடைமுறை இப்படி: கைதானவரை 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்கிறது அரசியலமைப்பின் 5ஆம் பிரிவு. எனவே கைதானவரின் தாயார் உங்களை அழைப்பது நள்ளிரவில், விசாரணைக் காவல் மனு மறுநாள் காலையில். 2012 முதல் தேசியச் சட்ட உதவி அறக்கட்டளை இப்படிப்பட்ட நேரங்களில் குடிமக்களுக்கு வழக்கறிஞரை அனுப்புகிறது. இளையவர்கள் அதில் பெயர் கொடுத்தால் ஓராண்டில் கற்பது ஏராளம். கட்டாய மரண தண்டனை 2023 ஜூலையில் நீங்கியதால், தண்டனை குறித்த வாதத்துக்கு இப்போது முன்பைவிட வேலை இருக்கிறது. மனிதரின் கதையைச் சொல்லத் தெரிந்தவருக்கு அங்கே இடம் உண்டு.

நான் ஏன் குறைத்தேன்? தூக்கம். வேறு காரணம் இல்லை.

பெண் பிள்ளை போலீஸ் நிலையத்துக்கு இரவில் போக வேண்டுமே?

போகிறோம். காப்பி கொடுக்கிறார்கள். காப்பிதான் நன்றாக இருக்காது. அம்பிகா ஸ்ரீநிவாசன் 2007 முதல் 2009 வரை மலேசிய வழக்கறிஞர் மன்றத்தின் தலைவராக இருந்தார். நளினி பத்மநாதன் கூட்டரசு நீதிமன்ற நீதிபதியானார். இந்தக் கேள்வியை நீங்கள் மகனுக்காகக் கேட்டிருக்க மாட்டீர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

விபத்து வழக்கில் பணம் கொட்டுகிறதாமே?

முன்பு கொட்டியது. வாகன விபத்து வழக்குகளில் செஷன்ஸ் நீதிமன்றத்துக்குத் தொகை வரம்பு கிடையாது, எனவே பெரிய இழப்பீட்டு வழக்குகூட ஈப்போ உயர் நீதிமன்றத்துக்குப் போகாமல் நம் டவுனிலேயே நடக்கும். வேலை நல்ல வேலைதான், கால் போன இளைஞனுக்கு வாழ்நாள் செலவை வாங்கிக் கொடுப்பது சின்ன விஷயம் இல்லை.

என்னை விரட்டியது ரன்னர்கள். மருத்துவமனைக் கட்டிலில் நினைவு திரும்பாதவரின் கைநாட்டை வாங்கி வந்து, "இந்தக் கேஸ் உங்களுக்கு, எனக்கு இவ்வளவு" என்று பேரம் பேசுவார்கள். ஆள் பிடிக்கத் தரகர் வைப்பது ஒழுங்கு நடவடிக்கைக்குரிய குற்றம். "எல்லோரும் செய்கிறார்கள்" என்று என் அலுவலகத்திலேயே உட்கார்ந்து ஒருவர் எனக்குப் புத்தி சொன்னார். அவர் படியிறங்கியதும் அந்தக் கோப்புகளை எடுப்பதில்லை என்று முடிவு செய்தேன். வருமானம் விழுந்தது. இரண்டு ஆண்டு கஷ்டப்பட்டேன்.

ஷரியா நீதிமன்றத்தில் நாம் வாதாட முடியுமா?

கூட்டரசுப் பிரதேச விவகாரத்தில் முஸ்லிம் அல்லாதவர் ஷரியா வழக்கறிஞர் ஆக முடியாது என்று 2016இல் கூட்டரசு நீதிமன்றம் மூன்றுக்கு இரண்டு என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. ஆனால் இஸ்லாமிய வங்கிக் கடன் ஆவணங்களும் அது சார்ந்த வழக்குகளும் சிவில் நீதிமன்றத்துக்கு உரியவை. அந்த வேலையை நாம் தாராளமாகச் செய்யலாம், செய்கிறோம்.

பெரிய சம்பளம் எங்கே?

கோலாலம்பூரில். நிறுவனச் சட்டம், வங்கி, பங்குச் சந்தை, அறிவுசார் சொத்து. இவை எதுவும் எங்கள் மாடிப்படி ஏறுவதில்லை. எனவே அதிகம் சொல்ல என்னிடம் இல்லை.

ஒன்றை மட்டும் கவனிக்கச் சொல்வேன். 2020இல் கட்டாய உழைப்புக் குற்றச்சாட்டின் பேரில் இரண்டு பெரிய மலேசியத் தோட்ட நிறுவனங்களின் செம்பனை எண்ணெய்க்கு அமெரிக்கச் சுங்கத் துறை தடை போட்டது. அதன் பிறகு தோட்ட நிறுவனங்களுக்குத் தொழிலாளர் சட்டம் தெரிந்த ஆள்கள் தேவைப்படுகிறார்கள்: ஒப்பந்தம், குடியிருப்பு, பாஸ்போர்ட்டை யார் வைத்திருக்கிறார்கள் என்பதையெல்லாம் தணிக்கை செய்ய. லயத்தில் வளர்ந்தவருக்கு அங்கே எதைத் தேட வேண்டும் என்று சொல்லித்தர வேண்டியதில்லை. துரை பக்கத்தில் உட்கார்ந்து சம்பளம் வாங்குவதா என்று சிலர் கேட்பார்கள். எனக்கும் அதற்கு முழு விடை இல்லை.

அரசாங்க வேலை?

நீதித்துறை, சட்டச் சேவை வழியாக அரசுத் தரப்பு வழக்கறிஞராகவோ மாஜிஸ்திரேட்டாகவோ சேரலாம். ஓய்வு நேரமும் உறுதியான சம்பளமும் வேண்டுபவருக்கு ஏற்றது. எங்கு மாற்றினாலும் போக வேண்டும், திரங்கானுவோ சபாவோ. நம் பிள்ளைகள் போதுமான அளவு விண்ணப்பிப்பதில்லை என்பது என் குறை.

பொய் சொல்லித்தான் பிழைக்க வேண்டுமாமே?

தெரிந்தே நீதிமன்றத்துக்குப் பொய் சொன்னால் தொழில் போகும். கட்சிக்காரர் சொல்வதை நம்புவதற்கும், அவர் சொல்லாததை நானே கட்டிவிடுவதற்கும் நடுவே கோடு தெளிவாகவே இருக்கிறது. வழக்கறிஞர்கள் விழும் இடம் பெரும்பாலும் அது இல்லை, பணம். வீடு வாங்குபவர் கொடுத்த தொகை என் வங்கிக் கணக்கில் மூன்று மாதம் தூங்கும். அதைத் தனிக் கணக்கில் வைக்க வேண்டும், கடன் வாங்குகிறேன் என்று ஒரு ரிங்கிட்கூடத் தொடக் கூடாது. மகள் கல்யாணம் வரும் மாதத்தில்தான் அந்தக் கணக்கு கண்ணுக்கு அதிகம் தெரியும்.

பட்டம் கிடைக்காவிட்டால்?

நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் வேலைக்குத் தமிழ் நன்றாகத் தெரிந்தவர்கள் தேவை. வழக்கறிஞர் அலுவலகக் கிராணியாகச் சேர்ந்து பத்திர வேலை கற்றுக்கொள்ளலாம். என் கிராணி எஸ்.பி.எம். மட்டுமே படித்தவர், நிலப் படிவங்களில் அவர் சொன்னால் நான் மறுபேச்சுப் பேசுவதில்லை.

துறையை எப்போது முடிவு செய்ய வேண்டும்?

அங்கியணிந்து மூன்று நான்கு ஆண்டு கழித்து. பல்கலைக்கழகத்திலேயே "நான் அறிவுசார் சொத்து" என்று சொல்லிக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்று அவர்களில் ஒருவர் தைப்பிங்கில் உயில் எழுதுகிறார், சந்தோஷமாக. முதல் ஆண்டுகளில் எந்தக் கோப்பைத் திறக்கும்போது உங்களுக்குக் கொட்டாவி வரவில்லை, எந்தக் கட்சிக்காரரை நினைத்தால் ஞாயிற்றுக்கிழமை வயிறு கலங்குகிறது என்று குறித்து வையுங்கள். ஒரு பழைய நோட்டுப் புத்தகம் போதும். நான் வைத்திருந்தேன். விபத்து, கிரிமினல் இரண்டுக்கும் எதிரே இருந்த குறிப்புகளை இப்போது படித்தால் இன்னும் சீக்கிரமே விட்டிருக்கலாம் என்று தோன்றுகிறது.

நான் இப்போது படிவம் நான்கு. இந்தப் பள்ளி விடுமுறையில் என்ன செய்யலாம்?

தெலுக் இந்தான் நீதிமன்றத்துக்குப் போய் உட்காருங்கள். திறந்த நீதிமன்றம் பொதுமக்களுக்கானது, கட்டணம் இல்லை, யாருடைய அனுமதியும் தேவையில்லை. நீண்ட காற்சட்டை, கழுத்துப்பட்டி உள்ள சட்டை, மூடிய காலணி. ஸ்லிப்பர் போட்டு வந்தால் வாசலிலேயே நிறுத்திவிடுவார்கள். கைப்பேசியை அணைத்துவிடுங்கள். உள்ளே போகும்போதும் வெளியே வரும்போதும் நீதிபதி இருக்கையைப் பார்த்துத் தலைவணங்க வேண்டும். ஒன்பது மணிக்கு முன்பே போய்விடுங்கள். மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் முதல் ஒரு மணி நேரம் வழக்குகள் பஸ் நிலையம் போல வந்து போகும், ஒன்றும் புரியாது. பத்தரைக்குமேல் ஏதாவது ஒரு வழக்கில் சாட்சி ஏறுவார். அதுவரை பொறுத்திருங்கள். ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டே போங்கள், உள்ளே எதுவும் தின்ன விடமாட்டார்கள்.